ஏழாவது இன்னிங்ஸில் மாற்றிய தீர்ப்பு: சுங்கை சிப்புட் திடலில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சாஃப்ட்பால் இறுதி ஆட்டத்தில் நடுவராக நின்று, அவுட் என்று முஷ்டியை இறக்கியவன் நான். சில நிமிடம் கழித்து அதே மண்ணில் நின்று, இரு கைகளையும் விரித்து சேஃப் என்று காட்டியவனும் நான்தான். அந்தச் சில நிமிடத்தில் என்ன நடந்தது என்பதைத் திடலோரத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது நடந்தபடி ஒரு முறையாவது எழுத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாளை நடுவராக நிற்கப்போகும் நம் பிள்ளைகளுக்கு இது பயன்படும்.

அது 15 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான சாஃப்ட்பால் கிண்ணப் போட்டியின் இறுதி ஆட்டம். பெற்றோரும் முன்னாள் மாணவரும் சேர்ந்து காசு போட்டு நடத்தியது. ஓர் அணி எங்கள் ஊர்ப் பள்ளி, இன்னொன்று வெளியூரிலிருந்து பஸ் எடுத்து வந்த பள்ளி. நடுவர்கள் இருவர்தான். பேட்டர் நின்று அடிக்கும், பேஸ்களைச் சுற்றி ஓடி வந்து தொட்டால் ரன் கிடைக்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். இருபது வருடமாக அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறேன். மற்ற மூன்று பேஸ்களையும் கவனிக்கும் பேஸ் அம்பயர் நான். இரண்டு பேருமே சுங்கை சிப்புட்காரர்கள். பின்னால் எழுந்த சந்தேகம் அத்தனைக்கும் வேர் இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே, ரப்பர் தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர் இது. பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. தோட்ட லயத்தில் பிறந்தவர்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்து பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அந்தத் தாத்தாக்களுக்குத் தெரிந்த விளையாட்டு காற்பந்தும் கபடியும். விசில் ஊதினால் ஊதியதுதான் என்று வளர்ந்தவர்கள். பேத்தி ஆடுகிறாள் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து சாஃப்ட்பால் பார்க்கிறவர்களுக்கு, இரண்டு அம்பயர்கள் நடுத்திடலில் தலையைச் சேர்த்துப் பேசுவது பேரம் பேசுவது மாதிரித்தான் தெரியும். அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். பேசுவது எதற்கு என்று நாங்கள் ஒருநாளும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

அந்தப் பந்து

ஏழாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி. சாஃப்ட்பாலில் அதுதான் கடைசி இன்னிங்ஸ். வெளியூர் அணி 5, எங்கள் ஊர் அணி 4. இரண்டு அவுட். இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆள். பேட்டர் தரையோடு தட்டிய பந்து, இரண்டாவது மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே காக்கும் ஷார்ட்ஸ்டாப்பிடம் போனது. அவள் சுத்தமாக எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தாள். எறிவு கொஞ்சம் உள்பக்கமாக, இரண்டாவது பேஸ் பக்கமாக விலகி வந்தது. ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற பெண் உடம்பை நீட்டிப் பிடித்தாள். பேட்டர் வந்து சேருமுன், பேஸில் காலை வைத்தபடி பந்தைப் பிடித்துவிட்டால் அவுட். கிளவில், அதாவது கையுறையில், பந்து விழுந்த சத்தம் முதலில், பேட்டரின் கால் பேஸில் பட்டது பிறகு. அவுட் என்றேன். மூன்றாவது அவுட். ஆட்டம் முடிந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் கிளவைத் தூக்கி எறிந்துவிட்டுத் பந்து வீசிய தங்கள் பிட்சரைக் கட்டிப்பிடிக்க ஓடினார்கள்.

ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற பெண் மட்டும் உடனே ஓடவில்லை. பந்தைப் பிடித்ததும் குனிந்து தரையைப் பார்த்தாள். பிறகுதான் ஓடினாள். அந்த ஒரு பார்வை எனக்குள் விழுந்துவிட்டது. எங்கள் ஊர் அணியின் பயிற்றுநர் என்னை நோக்கி வருவதற்கு முன்பே விழுந்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பயிற்றுநர் கேட்டதால்தான் மாற்றினான் என்ற பேச்சு இன்றும் இருக்கிறது. பயிற்றுநர் வந்தார், “சார், கால் எடுத்துட்டா, அண்ணனைக் கேட்டுப் பாருங்க” என்றார். உண்மை. ஆனால் அதற்குள் கேட்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

யார் எங்கிருந்து பார்த்தார்கள்

இந்த நிகழ்வின் சூட்சுமம் எல்லாம் நின்ற இடத்தில் இருக்கிறது. இரண்டு நடுவர் மட்டும் இருக்கும்போது, இரண்டாவது மூன்றாவது பேஸ்களில் ஆள் இருந்தால், பேஸ் அம்பயர் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கத்தில் நிற்க முடியாது. இரண்டாவது பேஸுக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் இடைப்பட்ட பக்கத்தில் நிற்க வேண்டும். பந்து தரையில் அடிக்கப்பட்டதும் சில எட்டு வைத்து, தூரத்திலிருந்துதான் ஃபர்ஸ்ட் பேஸைப் பார்ப்போம். காது கிளவுக்கு, கண் காலுக்கு என்பது பாடம்.

எறிவு அந்தப் பெண்ணை என் பக்கமாக இழுத்தது. அவள் காலுக்கும் பேஸுக்கும் இடையில் இடைவெளி விழுந்திருந்தால், அந்த இடைவெளி என் பார்வை போகும் திசையிலேயே நீளவாக்கில் கிடக்கும். முன்னால் கால், பின்னால் வெள்ளைப் பேஸ். இரண்டும் ஒட்டினாற்போல்தான் என் கண்ணுக்குத் தெரியும். ஒரு மரத்துக்கு நேர் பின்னால் இன்னொரு மரம் நின்றால் நடுவில் எத்தனை அடி என்று சொல்ல முடியாதல்லவா, அப்படி. செம்பனை வரிசைக்குள் நடந்து பழகியவர்களுக்கு இது உடனே புரியும். வரிசையின் தலைப்பில் நின்று பார்த்தால் ஒரே மரம், பக்கவாட்டில் வந்து பார்த்தால்தான் இடைவெளி.

அண்ணன் அந்தப் பக்கவாட்டில் இருந்தார். ஹோமிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸ் 60 அடி. கோடு நேராகப் போகிறது. கால் உள்பக்கமாக விலகினால் அவருக்கு அது குறுக்காகத் தெரியும். தூரம் அதிகம், ஆனால் கோணம் சரியானது. நடுவர் வேலையில் கிட்ட நிற்பதை விடச் சரியான கோணத்தில் நிற்பது பெரிது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதை அன்றைக்கு என் தோலில் உணர்ந்தேன்.

இதில் ஒரு நியாயமான கேள்வி உண்டு. மூன்றாவது பேஸிலிருந்து ஓடி வந்தவள் ஹோமைத் தொட்டாளா என்று பார்ப்பதும் அண்ணன் வேலைதான். ஒரே ஆள் இரண்டு இடத்தை எப்படிப் பார்த்தார்? இதை நானே அவரிடம் கேட்டேன்.

பேசியது என்ன

பிட்சர் வட்டத்துக்குப் பக்கத்தில் நின்று பேசினோம். நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

“அண்ணே, அவ கால் பேஸ்ல இருந்துச்சா?”

“நீ என்ன பார்த்த, முதல்ல அதைச் சொல்லு.”

“சத்தம் முன்னாடி வந்துச்சு. அதுல சந்தேகம் இல்ல. காலைப் பார்த்தேன்னுதான் நெனச்சேன். இப்ப உறுதியா சொல்ல முடியலண்ணே.”

“நான் உறுதியா சொல்றேன் தம்பி. ஒரு சாண் இடைவெளி. பந்து கிளவ்ல விழுறப்பவே கால் வெளியதான் இருந்துச்சு.”

“நீங்க ஹோம்ல ரன்னரைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்களே?”

“அவ மிதிச்சிட்டா. அதுக்கப்புறந்தான் எறிவு வந்துச்சு. நிமிர்ந்து பார்த்தேன்.”

“அப்ப மாத்தணும்.”

“மாத்துறது நீதான். நான் பார்த்ததை மட்டுந்தான் நான் சொல்லுவேன்.”

அந்தக் கடைசிப் பேச்சு அடக்கத்தால் வந்ததில்லை, விதியே அதுதான். சாஃப்ட்பாலின் தாய் விளையாட்டான பேஸ்பாலின் அதிகாரபூர்வ விதி 8.02-இன் மூன்றாம் பிரிவு சொல்வது இது: ஒரு தீர்ப்பின்மேல் முறையீடு வந்தால், தீர்ப்புச் சொன்ன நடுவர் இன்னொரு நடுவரிடம் தகவல் கேட்கலாம். அவர் கேட்காதவரை வேறு எந்த நடுவரும் அதைக் குறை சொல்லவோ, மாற்ற முயலவோ, குறுக்கிடவோ கூடாது. சாஃப்ட்பாலிலும் வழக்கம் அதேதான். நான் அழைக்கும்வரை அண்ணன் முகக்கவசத்தைக் கையில் பிடித்தபடி பிளேட்டிலேயே நின்றிருந்தார். தப்பு என்று தெரிந்தும் நின்றிருந்தார். நான் அழைக்காமல் போயிருந்தால் அந்த ஆட்டம் 5–4 என்றே முடிந்திருக்கும்.

ஒரே நடுவர், இரண்டு இரவுகள்

இந்த விதியின் இரண்டு பக்கத்தையும் தன் வாழ்க்கையிலேயே பார்த்தவர் அமெரிக்க நடுவர் ஜிம் ஜாய்ஸ். 2004 அக்டோபர் 19, நியூயார்க் யாங்கி திடல். அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் பாஸ்டன் அணியின் மார்க் பெல்ஹார்ன் இடப்பக்க வேலிக்கு அடித்த பந்து முன்வரிசைப் பார்வையாளர்மேல் பட்டுத் திடலுக்குள் திரும்பி விழுந்தது. இடப்பக்கக் கோட்டில் நின்ற ஜாய்ஸ் பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது என்றார். ஆறு நடுவர்களும் கூடிப் பேசினார்கள். வேலி தாண்டிய அடி, அதாவது ஹோம் ரன் என்று மாற்றினார்கள். மூன்று ரன். அதே ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் நியூயார்க் அணியின் அலெக்ஸ் ரொட்ரிகெஸ், பந்தோடு தன்னைத் தொட வந்த பாஸ்டன் பிட்சர் பிரான்சன் அரோயோவின் கையைத் தட்டிவிட்டார். பந்து உருண்டோடியது. அதே அணியின் டெரிக் ஜீட்டர் ஹோம் வரைக்கும் ஓடிவிட்டார். மறுபடியும் கூடினார்கள். ரொட்ரிகெஸ் அவுட், ஜீட்டர் திரும்ப ஃபர்ஸ்ட் பேஸுக்கு. இரண்டு மாற்றமும் சொந்த ஊர் அணிக்கு எதிரானவை. நியூயார்க் ரசிகர்கள் பொருள்களை வீசினார்கள், கலவரத் தடுப்புப் போலீஸ் கோட்டோரம் வந்து நின்றது. பாஸ்டன் 4–2 என்று வென்றது. இரண்டு தீர்ப்புமே சரி என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ளப்படுகின்றன.

ஆறு வருடம் கழித்து, 2010 ஜூன் 2, டெட்ராய்ட். டெட்ராய்ட் பிட்சர் அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கியிருந்தார். இன்னும் ஒருவர் அவுட் ஆனால் அப்பழுக்கில்லாத ஆட்டம். 27-ஆவது பேட்டர் ஜேசன் டொனால்ட் தரையோடு அடிக்க, பந்தை ஃபர்ஸ்ட் பேஸில் வாங்கியவர் கலராகாவே. ஃபர்ஸ்ட் பேஸ் அம்பயர் ஜாய்ஸ் சேஃப் என்றார். ஒரு முழு எட்டு முன்னாலேயே அவுட். ஜாய்ஸ் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை, அவ்வளவு உறுதியாக இருந்தார். ஆட்டம் முடிந்து ஒளிப்பதிவைப் பார்த்த பிறகுதான் தவறு தெரிந்தது. அந்தப் பையனிடமிருந்து பறித்துவிட்டேன் என்று வெளிப்படையாகக் கலங்கினார். பேஸ்பால் ஆணையர் பட் செலிக் தீர்ப்பை மாற்றவில்லை. மறுநாள் கலராகாவே ஆட்டக்காரர் பட்டியலைக் கொண்டுவந்து ஜாய்ஸ் கையில் கொடுத்தார். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

2004-இல் அவரைக் காப்பாற்றிய விதிதான் 2010-இல் அவரைத் தனியாக விட்டது. சந்தேகம் வராதவனுக்குக் கூட்டமும் இல்லை. 1985 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டான் டென்கிங்கர் ஃபர்ஸ்ட் பேஸில் சேஃப் என்று சொன்ன அந்தத் தவறும் இப்படித்தான் நின்றது. 2008-இல் ஹோம் ரன்களுக்கு மட்டும் வந்த ஒளிப்பதிவு மறுபார்வை, 2014-இல் இப்படிப்பட்ட தீர்ப்புகளுக்கும் விரிந்தது. இப்போது நியூயார்க்கில் ஓர் அறையில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறார்கள். எங்கள் திடலில் அந்த அறை கிடையாது. அண்ணனின் கண்தான் இருந்தது.

ஓடியவர்களை எங்கே நிறுத்துவது

சேஃப் என்று மாற்றுவது எளிய பாதி. நான் அவுட் என்று கத்தியதும் எல்லாரும் நின்றுவிட்டார்களே, அதற்கு என்ன செய்வது? அதே 8.02 இதற்கும் வழி சொல்கிறது. முதலிலேயே சரியான தீர்ப்பு வந்திருந்தால் ஓடியவர்கள் எங்கே இருந்திருப்பார்கள் என்று நடுவர்கள் கருதுகிறார்களோ அங்கே அவர்களை வைக்கலாம். தவறான தீர்ப்பின் விளைவைத் துடைக்க வேண்டியதைச் செய்யலாம். சாஃப்ட்பால் விதியும், தீர்ப்பு மாறியதால் ஓர் அணி ஆபத்தில் மாட்டிக்கொண்டால் சரிசெய்யும் அதிகாரத்தைப் பிளேட் அம்பயருக்குத் தருகிறது.

மூன்றாவது பேஸிலிருந்து ஓடியவளுக்குக் கேள்வியே இல்லை. எறிவு வருவதற்கு முன்பே மிதித்துவிட்டாள். 5–5.

இரண்டாவது பேஸிலிருந்து ஓடியவள்தான் சிக்கல். என் குரல் கேட்டபோது அவள் மூன்றாவது பேஸைத் தாண்டி இரண்டு எட்டு வைத்திருந்தாள். எங்கள் ஊர்ப் பயிற்றுநர் அவளும் ஹோம் போயிருப்பாள் என்றார். 6–5, ஆட்டம் எங்களுடையது என்று பொருள். நாங்கள் கணக்குப் போட்டோம். பந்து ஃபர்ஸ்ட் பேஸ் பெண்ணின் கையில். பிளேட்டைக் காக்கும் கேட்சர் பிளேட்டில். ஓடியவளுக்கு இன்னும் ஐம்பது அடிக்கு மேல் இருக்கிறது. அந்த 60 அடியைப் பந்து கடக்க ஒன்றரை வினாடிகூட வேண்டாம். ஓடியிருந்தால் அவுட், நின்றிருந்தால் மூன்றாவது பேஸ். மூன்றாவது பேஸ் என்றோம். உள்ளூர் அம்பயர் உள்ளூருக்குச் செய்தான் என்பவர்கள் இந்தப் பாதியைப் பற்றிப் பேசுவதில்லை. ஆட்டத்தையே எங்கள் ஊருக்குக் கொடுக்கக்கூடிய ரன்னை நாங்கள் கொடுக்கவில்லை.

வெளியூர்ப் பயிற்றுநர் மலாய்க்கார ஆசிரியர், நிதானமானவர். அவர் கேட்டதுதான் அன்றைக்குக் கேட்கப்பட்டதிலேயே கூர்மையான கேள்வி. “நீங்கள் முதலிலேயே சேஃப் என்று சொல்லியிருந்தால் என் பிள்ளை காலைத் திரும்பப் பேஸில் வைத்திருப்பாளே?” என்று மலாயில் கேட்டார். தவறான குரல் தற்காப்பு அணியின் வாய்ப்பைப் பறித்ததா என்பதுதான் எந்த மாற்றத்துக்கும் உரைகல். ஃபவுல், அதாவது கோட்டுக்கு வெளியே, என்று கத்திய பந்தை ஆட்டத்தில் உண்டு என்று மாற்ற நடுவர்கள் அவ்வளவு தயங்குவதும் இதனால்தான். அந்தக் குரலோடு எல்லாரும் நின்றுவிடுவார்கள். ஆனால் இங்கே என் குரல் வந்தபோது பேட்டர், ஓடி வருகிறவருக்கென்று வெள்ளைப் பேஸை ஒட்டி இருக்கும் ஆரஞ்சு நிறப் பாதியை மிதித்துத் தாண்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு காலை வைத்தும் பயனில்லை. அவருக்கு இதைச் சொன்னேன். தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா என்பது வேறு விஷயம்.

ஆட்டம் தொடர்ந்தது. அடுத்த பேட்டர் உயரே அடித்து அவுட். சமநிலை என்பதால் கூடுதலாக ஆடிய எட்டாவது இன்னிங்ஸில் எங்கள் ஊர் அணி ஒரு ரன் எடுத்து வென்றது. ஒருமுறை வென்று கட்டிப்பிடித்து அழுத பிள்ளைகள், அரை மணி நேரத்தில் இரண்டாம் முறை அழுதார்கள். அதைப் பார்ப்பது லேசான காரியமாக இல்லை.

மனுவும் நான் செய்த பிழைகளும்

வெளியூர் அணி எழுத்தில் மனு கொடுத்தது. ஏற்பாட்டாளர்கள் மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். கால் பேஸில் இருந்ததா இல்லையா என்பது நடுவரின் பார்வைக்கு உட்பட்டது, அதன்மேல் மனு செல்லாது. ஓடியவர்களை இடம் மாற்றி வைக்க நடுவருக்கு அதிகாரம் உண்டா என்பது விதி பற்றிய கேள்வி, அதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விதியைப் படித்துப் பார்த்து மனுவைத் தள்ளினார்கள். ஒரு பெற்றோர் கைப்பேசியில் எடுத்த காணொளியும் வந்தது. மூன்றாவது பேஸுக்குப் பின்னாலிருந்து எடுத்தது. நான் நின்ற திசைதான் அதற்கும். கால் தெரியவில்லை.

தீர்ப்பு மாறியது சரிதான். மாறிய விதத்தில் பிழை இருந்தது, அதில் முக்கால்வாசி என்னுடையது. எறிவு விலகி வந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த நிமிடமே கையை இறக்காமல் அண்ணனை நோக்கிக் கையைக் காட்டி “கால்?” என்று கேட்டிருக்க வேண்டும். தீர்ப்புக்கு முன்னால் கேட்டிருந்தால் அது ஒரே தீர்ப்பு. எவரும் கட்டிப்பிடித்திருக்க மாட்டார்கள், ஓடியவளை எங்கே வைப்பது என்ற கேள்வியே எழுந்திருக்காது. கடைசி அவுட், இறுதி ஆட்டம் என்ற சூட்டில் கை தானாக இறங்கிவிட்டது.

இன்னொன்று, பேசிய இடம். பயிற்றுநரோ ஆட்டக்காரரோ பக்கத்தில் இல்லாமல்தான் நடுவர்கள் பேச வேண்டும். எங்கள் ஊர்ப் பயிற்றுநர் நாலு எட்டில் நின்றிருந்தார். ஒரு வார்த்தை அவர் பேசவில்லை, ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்று பேர் பேசிய மாதிரி இருந்திருக்கும். அவரைத் திருப்பி அனுப்பாதது என் தவறு. அதைவிட மோசம், பேசி முடித்ததும் பக்கத்தில் இருந்தவர் என்பதால் அவரிடம் முதலில் முடிவைச் சொன்னேன். வெளியூர்ப் பயிற்றுநருக்கு என் கை சைகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. கால் விவகாரத்தை விட இந்தச் சில வினாடிதான் அவரை அதிகம் நோகடித்தது என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு அண்ணனும் நானும் மாமாக் கடையில் உட்கார்ந்து, தே தாரேக் ஆறும்வரை பேஸ் படம் போட்டுப் பேசியிருக்கிறோம். இப்போது எந்த ஆட்டத்துக்கும் முன்னால் எங்களுக்குள் ஒப்பந்தம் இருக்கிறது. பேஸை விட்டு விலகிய கால், கிளவிலிருந்து நழுவிய பந்து, ஓடுபவரைப் பந்தோடு தொட்டதா இல்லையா என்று தெரியாத டேக், இந்த மூன்றில் எது வந்தாலும் குரல் கொடுப்பதற்கு முன் கையால் கேட்பது. உறுதியாகப் பார்த்திருந்தால் மட்டும் பதில். அரைகுறையாகப் பார்த்திருந்தால் தெரியவில்லை என்று தலையை ஆட்டிவிடுவது. அப்போது முதல் நடுவரின் தீர்ப்பே நிற்கும்.

இரு பயிற்றுநர்களையும் பிளேட்டுக்கு அழைத்து மலாயிலும் தமிழிலும் சொல்லிவிடுகிறோம்: தேவைப்பட்டால் பேசுவோம், இரண்டு பேரும் தள்ளி நிற்க வேண்டும், முடிவை இருவருக்கும் ஒரே நேரத்தில் சொல்வோம். சில மாதம் கழித்து அதே வெளியூர் அணி இன்னோர் ஆட்டத்துக்கு வந்தபோது இதைச் சொன்னோம். அந்த ஆசிரியர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஓடியவரை எந்தப் பேஸில் வைக்கிறீர்கள் என்பதோடு ஏன் அங்கே வைக்கிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியும் என்றோம். அன்றிலிருந்து அதையும் சேர்த்துச் சொல்கிறோம்.